ஒத்திகை இல்லாத எட்டு மணி நேரம்

வள்ளி மதுரையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். முருகன் புதுக்கோட்டைக்காரர், சாத்தூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்திருக்கிறார். நாரதர் நேற்றிரவு திண்டுக்கல் பக்கம் ஒரு நாடகத்தை முடித்த கையோடு வந்தவர், கண் இன்னும் சிவந்திருக்கிறது. பபூன் மட்டும் பக்கத்து ஊர். இவர்களில் இரண்டு பேர் ஆர்மோனியக்காரரை இதற்கு முன் பார்த்ததே இல்லை. சிவகாசிக்குக் கிழக்கே ஒரு கரிசல் கிராமம், பங்குனிப் பொங்கல். எம்.எல்.ஏ. நிதியில் கட்டிய கலையரங்கத்தின் பின்பக்கம் இரவு 9 மணிக்கு எல்லோரும் ஒன்று சேர்கிறார்கள். 10 மணிக்கு நாடகம் தொடங்கினால் காலை 6 மணிக்கு வள்ளி கழுத்தில் தாலி ஏறும். மூன்று தமிழ்ப் படங்களை அடுத்தடுத்து பார்க்கும் நேரம் அது. ஒத்திகை கிடையாது, இயக்குநர் கிடையாது. யார் கையிலும் ஒரு துண்டுத் தாள்கூட இல்லை.

ஆனாலும் நாடகம் நடக்கிறது. பாட்டு பாட்டோடு பொருந்துகிறது, கேள்விக்குப் பதில் வருகிறது, அழ வேண்டிய இடத்தில் ஊர் அழுகிறது. இது எப்படி முடிகிறது என்று யோசித்தால், ஒரு நடிகரின் வேலைக்குள் எவ்வளவு நுட்பமான பொறியியல் ஒளிந்திருக்கிறது என்பது மெல்ல மெல்லத் தெரியவரும்.

இந்த வகைக்கு ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். நூறு வருடங்களுக்கு முன்பு தமிழ்நாட்டில் நாடகம் என்றால் கம்பெனி. நடிகர்கள் ஒரே கூரைக்குக் கீழே தங்கி, ஒரே வாத்தியாரிடம் பாடம் கேட்டு, ஊர் ஊராகச் சேர்ந்தே போவார்கள். கம்பெனியில் பெயர் எடுத்த நடிகரைத் தனியாக ஒரே ஒரு இரவுக்கு வரவழைப்பதுதான் ‘ஸ்பெஷல்’. நாளடைவில் கம்பெனிகள் கலைந்தன, ஸ்பெஷல் நிலைத்துவிட்டது. இன்று எல்லா நடிகரும் தனி ஆள். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், காரைக்குடி போன்ற ஊர்களில் நடிகர் சங்கங்கள் இருக்கின்றன. விழா எடுக்கும் ஊர்க்காரர்கள் அங்கே போயோ ஏஜெண்ட் மூலமாகவோ ராஜபார்ட் (நாயகன்) ஒருவர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஒருவர், பபூன் ஒருவர், டான்ஸ் ஒருவர் என்று தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். அந்த இரவுக்கு மட்டும் ஒரு குழு பிறக்கிறது, விடிந்ததும் கலைந்துவிடுகிறது.

இப்படிக் கழற்றி மாட்ட முடிகிற நாடகத்தைச் செய்து வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபா என்ற சிறுவர் நாடகக் கம்பெனியைத் தொடங்கினார், பின்னாளில் மேடையில் பெயர் எடுத்த டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்த பிள்ளைகள். வள்ளி திருமணம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, கோவலன் என்று அவர் எழுதிய நாடகங்களில் பாட்டு கல்வெட்டு மாதிரி நிலையாக நிற்கும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் வரும் வசனத்தை நடிகர் தம் சாமர்த்தியத்துக்கு ஏற்றபடி நீட்டிக்கொள்ளலாம், சுருக்கிக்கொள்ளலாம். புதுக்கோட்டையில் கற்ற முருகனும் மதுரையில் கற்ற வள்ளியும் பாட்டு என்று வந்துவிட்டால் ஒரே இடத்தில் சந்தித்துவிடுவார்கள். நடுவில் எந்தச் சந்துக்குள் புகுந்து வந்தாலும் கவலையில்லை.

எட்டு மணி நேர நாடகத்தை ஒரு மனித மூளை எப்படி நினைவில் வைக்கும்? 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் இதைப் போன்ற ஒரு கேள்வியோடு யூகோஸ்லாவியாவுக்குப் போனார். எழுதப் படிக்கத் தெரியாத பாடகர்கள் அங்கே ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட கதைப்பாடல்களைப் பாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வரிவரியாக மனப்பாடம் செய்யவில்லை என்பதை அவரும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் கண்டறிந்தார்கள். ஆயத்தச் சொற்கட்டுகள், கதையின் வழக்கமான திருப்பங்கள் ஆகிய இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பாடகர் பாட்டை அந்த நேரத்தில் கட்டுகிறார். நம் ராஜபார்ட்டும் அப்படித்தான். பாட்டு மனப்பாடம். வசனத்துக்கு அவரிடம் இருப்பது ஒரு கிடங்கு: புராணக் கதைகள், எதுகை மோனைச் சரடுகள், திருக்குறள், பத்து வருடங்களில் எதிராளிகள் கேட்ட கேள்விகள், அவற்றுக்குத் தோன்றிய பதில்கள். உலக நாடகத்தில் இதற்கு ஒரு தூரத்துச் சொந்தமும் உண்டு. 1545இல் இத்தாலியின் பதுவா நகரில் நடிகர்கள் சிலர் சேர்ந்து தொழில்முறை ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்திட்டார்கள். அந்தத் தலைமுறையில் அங்கே வளர்ந்த நாடக வகையிலும் கதைச் சட்டகமும் வேடங்களும் நிலையானவை, பேச்சு அந்தந்த நேரத்தில் முளைப்பது. ஆனால் அந்த இத்தாலியர்கள் குழுவாகச் சேர்ந்தே ஊர் சுற்றினார்கள். முன்பின் தெரியாதவரோடு அன்றிரவே காதல் செய்ய வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ஒத்திகை இல்லை என்றேன். மேக்கப் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு பேச்சுவார்த்தை நடக்கும், அதைத்தான் ஒத்திகை என்று சொல்ல வேண்டும். ராஜபார்ட் கண்ணாடியைப் பார்த்தபடியே புருவத்தைத் தீட்டிக்கொண்டிருக்கிறார். ஆர்மோனியக்காரர் தலையை உள்ளே நீட்டி, “அண்ணே, எத்தனை கட்டை?” என்கிறார். “ரெண்டு.” ஸ்திரீபார்ட் பக்கம் திரும்புகிறார். “அஞ்சுண்ணே. தர்க்கத்துக்கு அப்புறம் அரைக் கட்டை குறைச்சுக்கலாம், தொண்டை சரியில்ல.” தலையாட்டிவிட்டுப் போய்விடுகிறார். அவ்வளவுதான்.

கட்டை என்பது ஆர்மோனியத்தின் விசை. வெள்ளை விசை ஒன்றை 1 என்று வைத்து எண்ணுகிறார்கள். அந்த எண்தான் பாடுபவரின் ஆதார சுருதி, அதாவது அவருடைய ‘ஸ’ நிற்கும் இடம். ஆண் குரல் 2 கட்டையிலும் பெண் குரல் 5 கட்டையிலும் நிற்கிறது என்றால், முருகனும் வள்ளியும் மாறி மாறிப் பாடும் காட்சியில் ஒரே ராகத்தை இரண்டு வேறு இடங்களிலிருந்து வாசித்தாக வேண்டும். கறுப்பும் வெள்ளையுமாக ஒரு ஸ்தாயிக்கு 12 விசைகள். ‘ஸ’ நகர்ந்தால் விரல்களின் பாதை முழுவதும் மாறிவிடும். ஒருவர் பாட்டை முடிக்கும் மூச்சுக்கும் அடுத்தவர் எடுக்கும் மூச்சுக்கும் இடையில் ஆர்மோனியக்காரரின் விரல்கள் வீடு மாறிவிடுகின்றன. இரவு முழுவதும் இதைச் செய்கிறார். நாடகத்துக்குரியது கால் ஆர்மோனியம். பாதங்கள் துருத்தியை மிதிக்க, இரண்டு கைகளும் வாசிக்கக் கிடைக்கும்.

1842இல் பாரிஸில் அலெக்சாந்தர் தெபேன் காப்புரிமை பெற்ற கருவி இது. கிராமத்து மேடைக்கு இது இவ்வளவு பொருந்தியதற்கு ஒரு காரணம் உள்ளே இருக்கிறது. ஆர்மோனியத்தின் ஒலி பித்தளை நாக்குகளிலிருந்து வருகிறது. காற்று பட்டதும் அவை அதிரும். சுருதியைத் தீர்மானிப்பது நாக்கின் நீளமும் கனமும். வேகமாக மிதித்தால் ஒலி கூடுமே தவிர சுருதி ஏறக்குறைய அப்படியே நிற்கும். வெயில் தாழ்ந்து பின்னிரவில் பனி இறங்கும்போது மிருதங்கத்தின் தோல் தளர்கிறது, தந்தி வாத்தியம் என்றால் முறுக்கு மாறுகிறது. பித்தளை அசைவதில்லை. ஊர் பேர் தெரியாத பத்துப் பேர் இரவு முழுவதும் நம்பிப் பிடித்துக்கொள்ள அந்த மேடையில் நிலையான பொருள் அது ஒன்றுதான். அகில இந்திய வானொலியோ 1940இல், நம் இசையின் கமகங்களுக்கு, அதாவது சுரங்களை அசைத்துப் பாடும் நெளிவுகளுக்கு, இது ஒத்துவராது என்று ஆர்மோனியத்தைத் தடை செய்தது. 1971 வரை அந்தக் கதவு அடைத்தே கிடந்தது. கமகம் பற்றிய வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த அதிகாரிகள் ஒரு பங்குனி இரவை முழுசாக உட்கார்ந்து பார்த்திருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்கள்.

நடிகர் அடி மறந்தால் ஆர்மோனியக்காரர்தான் அடுத்த அடியின் மெட்டை முன்கூட்டியே தொட்டுக் காட்டுவார். மூச்சு வாங்க வேண்டியிருந்தால் பின்பாட்டு பாடி நேரம் வாங்கித் தருவார். காட்சி இழுத்துக்கொண்டே போனால் அடுத்த பாட்டின் ராகத்தைக் கோடி காட்டுவார். புரிந்துகொண்ட நடிகர் பேச்சை முடித்துக்கொள்வார். சிவகாசிக்காரர்களுக்கு எளிதாகச் சொல்வதென்றால், சரவெடியில் வெடிகளைக் கோத்துப் போகிற திரி இவர். மறுபக்கம் ஆல்ரவுண்டு என்றொருவர் உட்கார்ந்திருப்பார். அவரைச் சுற்றி டிரம், தட்டு, சிலம்பு, இன்னும் பெயர் தெரியாத பத்துச் சாமான்கள். பபூன் கால் இடறினால் ஒரு ஓசை, கண்ணடித்தால் ஒரு ஓசை. பபூன் என்ன செய்யப் போகிறார் என்பது ஆல்ரவுண்டுக்கும் தெரியாது. காட்சியைப் பார்த்த பிறகு தட்டினால் சிரிப்பு பிந்திவிடும். உடம்பு அசையத் தொடங்குவதை வைத்தே ஓசையைக் கணித்தாக வேண்டும்.

நாடகம் பபூனில்தான் தொடங்குகிறது. பக்தி நாடகத்துக்கு முன்னால் எதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் கேலியும் டூயட்டும் என்று நகரத்து நண்பர்கள் முகம் சுளிப்பதுண்டு. வேலை நடப்பதே அங்கேதான். தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் பகல் முழுக்க உழைத்தவர்கள் குளித்து, சாப்பிட்டு, பாயோடு வந்து சேரப் பதினொன்று ஆகிவிடும். அதுவரை மேடையை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பபூன் தனியாக நின்று பேசும்போதே ஊரை அளந்துகொண்டிருக்கிறார்: எந்தப் பக்கம் இளவட்டம், எந்த நகைச்சுவைக்குப் பெண்கள் பக்கம் அமைதியாகிறது, ஊரில் இந்த வருடம் என்ன சண்டை. பின்னால் வரப்போகிற நடிகர்கள் திரைக்குப் பின்னால் பவுடர் போட்டபடி அந்தச் சிரிப்பொலியைக் காதால் அளக்கிறார்கள்.

பவுடர் என்றதும் ஒரு சின்ன விலகல். பழைய மேடை நடிகர் முகத்தில் பூசிய மஞ்சள் நிறம் அரிதாரம். வேதியியலில் அது ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இதே ஆர்சனிக் சேர்மங்கள் பழைய வாணவேடிக்கை மருந்துகளிலும் சேர்ந்தவை. பட்டாசில் ஆர்சனிக் கூடாது என்று 2017இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகத்தில் பூசுவதை எந்த நீதிமன்றமும் தடுக்கும் முன்பே கடைப் பவுடரும் பான்கேக்கும் வந்து நடிகர்களைக் காப்பாற்றிவிட்டன.

நள்ளிரவு தாண்டி நாரதர் தினைப்புனத்துக்கு வருகிறார். ஊர் இதற்காகத்தான் விழித்திருக்கிறது: தர்க்கம். நாரதரும் வள்ளியும், பிறகு வேடனாக வந்த முருகனும் வள்ளியும், சொல்லுக்குச் சொல் மோதிக்கொள்ளும் பகுதி. கேள்வி என்ன வரும் என்று எதிராளிக்குத் தெரியாது. இங்கே நம் எல்லோரிடமும் உள்ள ஒரு திறமை அதன் உச்சத்துக்குப் போகிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வு பத்து மொழிகளில் மக்கள் பேசிக்கொள்வதை அளந்தது. ஒருவர் முடித்து மற்றவர் தொடங்கும் இடைவெளி சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒரு படத்தைப் பார்த்து அதன் பெயரைச் சொல்வதற்கே மூளைக்கு அரை வினாடிக்கு மேல் ஆகிறது. ஆக, எதிராளி முடிப்பதற்கு முன்பே நாம் முடிவைக் கணித்துப் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். திண்ணையில் நாம் அறியாமல் செய்வதை வள்ளி ஆயிரம் பேர் முன்னால், எதுகையோடு, சில நேரம் ராகத்தோடு, அதுவும் பின்னிரவு 3 மணிக்குச் செய்கிறார். மனித உடலின் வெப்பம் மிகக் குறைந்து மூளை மந்தமாகும் நேரம் அது. இரவு வேலை பார்ப்பவர்களிடம் தவறுகள் கூடும் நேரமும் அதுவே.

மைக் வருவதற்கு முன் இந்தக் குரல்கள் எப்படிக் கடைசி வரிசைக்குப் போயின? தூரம் இரட்டிப்பானால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகக் குறையும். ஐம்பது அடியில் கேட்பவருக்குக் கிடைத்ததில், இருநூறு அடியில் இருப்பவருக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பழைய நடிகர்கள் 4 கட்டை, 5 கட்டை என்று உச்சத்தில் பாடியதற்கு இது ஒரு காரணம். 5 கட்டையில் மேல் ஸட்ஜத்தைப் பிடித்து நின்றால் குரல்நாண்கள் வினாடிக்கு ஏறத்தாழ 392 தடவை அதிரும். பத்து வினாடி கார்வைக்குக் கிட்டத்தட்ட 4000 மோதல்கள். அதிரும் பகுதியின் நீளமோ ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். இன்னொரு சூட்சுமமும் உண்டு. மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது வினாடிக்கு 3000 அதிர்வுகளை ஒட்டிய ஒலியை. காதின் துவாரம் அந்த ஒலியைத் தானாகவே பெரிதாக்கும் நீளத்தில் அமைந்திருக்கிறது. தேர்ந்த மேடைக் குரல்கள் தொண்டையின் வடிவத்தை மாற்றி, தம் ஆற்றலின் ஒரு பங்கை அந்த இடத்தில் கொண்டுபோய்க் குவிக்கும். பழைய மேடைப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பாவின் குரலைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் பாதியைக் கழித்துவிட்டாலும் மீதிக்கு இயற்பியல் சாட்சி சொல்லும்.

இப்போது மேடையின் முன்விளிம்பில் மைக்குகள் மேலிருந்து தொங்குகின்றன. குரலுக்கு ஓய்வு கிடைத்தது, காலுக்குக் கட்டுப்பாடு வந்தது. மைக்கை விட்டு நகர்ந்தால் குரல் சரிந்துவிடும் என்பதால் முருகனும் வள்ளியும் ஆளுக்கொரு மைக்கின் கீழ் நின்றபடியே காதல் செய்கிறார்கள். மைக் செட்டின் குழாய்கள் பனை உயரத்தில் கட்டப்பட்டிருக்கும். இங்கே விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் வெளி ஒரு வேலை செய்கிறது. பகலில் தரை கொதிக்கும். தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடச் சூடாக இருக்கும். ஒலி சூடான காற்றில் வேகமாகப் போவதால் அதன் பாதை மேல்நோக்கி வளைந்து வானத்தில் போய்விடும். தெளிந்த இரவில் இது தலைகீழாகிறது. வெட்டவெளித் தரை வேகமாகக் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர, மேலே சூடான அடுக்கு நிற்கும். இப்போது ஒலி தரையை நோக்கி வளைகிறது. மூன்று மைல் தள்ளி இருக்கிற ஊர்க்காரர் நாரதர் சொல்வதைப் படுக்கையிலேயே கேட்கலாம். பகலில் அதே குழாய் பக்கத்துத் தெருவுக்கே சரியாகக் கேட்காது.

இந்த மண்ணின் பெரிய நடிகர் ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பொறியமைப்பு முழுமையாகாது. எஸ்.எஸ். விஸ்வநாததாஸ் 1886 ஜூன் 16 அன்று சிவகாசியில் பிறந்தார். பிறகு திருமங்கலத்துக்காரர் ஆனார். அவர் மேடையேறிய காலத்தில் 1876ஆம் ஆண்டின் நாடகச் சட்டம் அமலில் இருந்தது. அரசுக்கு எதிரான உணர்வைத் தூண்டும் நாடகம் என்று பட்டால் வெள்ளை அரசு அதைத் தடை செய்யலாம். வள்ளி திருமணத்தை எந்தக் கலெக்டர் தடை செய்வார்? அதில் இருப்பது முருகனும் தினைப்புனமும் கிளிகளும். தினை தின்ன வரும் பறவைகளை விரட்டும் காட்சியில் ஒரு பாட்டு வேண்டும். எந்தப் பாட்டு என்பது நடிகர் விருப்பம். விஸ்வநாததாஸ் பாடியதில் பறவை கொக்காக இருந்தது. வெள்ளை நிறம், வெளியூரிலிருந்து வந்தது, நம் விளைச்சலைத் தின்பது. கூட்டத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

நாடகத்தைத் துண்டு துண்டாகக் கழற்ற முடியும் என்பதால் அதற்குள் புதிய துண்டைச் செருகவும் முடிந்தது. செருகிய துண்டு கதையின் தர்க்கத்தோடு பொருந்தியதால் தடைக்குப் பிடி கிடைக்கவில்லை. பாடிய பிறகு பாடகரைத்தான் பிடிக்க முடிந்தது. பலமுறை பிடித்தார்கள். சிறையிலிருந்து வெளியே வந்த விஸ்வநாததாஸ் மறுபடி மேடையேறி மறுபடி பாடினார். அவருக்குத் தேசியப் பாடல்கள் எழுதிக் கொடுத்தவர்களில் மதுரகவி பாஸ்கரதாஸ் முக்கியமானவர். பாஸ்கரதாஸின் நாட்குறிப்புகள் பின்னாளில் புத்தகமாக வந்தன. அந்தக் காலத்து நாடகக்காரரின் அன்றாடம் எப்படிப் போனது என்று அறிய அதைவிட நெருக்கமான சாட்சி குறைவு.

தனி ஆட்களைச் சேர்க்கும் முறைக்கு ஓர் அழுக்கு முகமும் இருந்தது. விஸ்வநாததாஸ் முடிதிருத்தும் தொழில் செய்த மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். அதைக் காரணம் காட்டி அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. கம்பெனியில் வாத்தியார் சொன்னால் நடித்தே ஆக வேண்டும்; ஸ்பெஷலில் “இந்தத் தேதிக்கு வரமாட்டேன்” என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடலாம். அதே முறைதான் வேறொருவர் வந்து நிற்கவும் இடம் கொடுத்தது. கே.பி. ஜானகி அம்மாள் அவரோடு நடித்தார். பின்னாளில் கம்யூனிஸ்ட் தலைவராகி, 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியில் சட்டமன்றத்துக்குப் போனவர் இவர்தான். விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேடத்தில், மயில் மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். வயது 54.

முருகன் கதை முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதானே, பிறகு எப்படி விடிய விடியப் பார்க்கிறார்கள்? வத்திராயிருப்பை அடுத்த அர்ச்சுனாபுரத்தில் நல்லதங்காளுக்குக் கோயிலே இருக்கிறது. ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்தவள் என்பது இந்த மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் நல்லதங்காள் நாடகத்தில் கூட்டம் குறையாது, கண்ணீரும் குறையாது. 2011இல் கலிபோர்னியாவில் இரண்டு உளவியலாளர்கள் சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்பே சொல்லிவிட்டுப் படிக்கக் கொடுத்தபோது வாசகர்கள் அவற்றைக் கூடுதலாகவே ரசித்தார்கள். என்ன நடக்கும் என்ற கவலை போய்விட்டால் எப்படி நடக்கிறது என்பதில் கவனம் போகும். ஸ்பெஷல் நாடகப் பார்வையாளர் இந்த விஷயத்தில் கைதேர்ந்தவர். கதைக்காக அவர் வரவில்லை. இந்த வள்ளி, இந்த நாரதரிடம் இன்று எப்படி மாட்டுவாள் என்று பார்க்க வந்திருக்கிறார்.

மேடைக்கு வெளியே உள்ள வேலை இதைவிடக் கடினம். நாடகம் பெரும்பாலும் நேர்த்திக்கடன். அதனால்தான் மேடை கோயிலைப் பார்த்து இருக்கும்; ஊர் தூங்கிவிட்டாலும் அம்மன் பார்த்துக்கொண்டிருப்பாள், நாடகத்தை நிறுத்தக் கூடாது. பங்குனியிலும் சித்திரையிலும் சிவகாசி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் பொங்கல் சாட்டுகிறார்கள். பெரும்பாலும் செவ்வாயை ஒட்டியே திருவிழா வருவதால், ஒரே இரவுக்கு ஐந்தாறு ஊர்கள் ஒரே நடிகரைத் தேடும். மற்ற இரவுகளில் யாரும் தேடமாட்டார்கள். ஆடி, ஆவணி தாண்டினால் தேதிகள் வறண்டுவிடும். ஒரு நடிகரின் வருட வருமானம் என்பது ஒரு காலண்டர்ப் புதிர். நாடு முழுக்கப் போகும் காலண்டர்கள் அச்சாவதும் இந்தச் சிவகாசியில்தான். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டுமென்று வந்த அச்சுத்தொழில் காலண்டரிலும் டைரியிலும் போய் நின்றது. அந்த டைரியில்தான் நடிகர் தேதி குறிக்கிறார். 2020லும் 2021லும் கொரோனா ஊரடங்கு வந்து விழுந்தது சரியாக இந்த சீசன் மாதங்களில். இரண்டு வருட டைரியும் பெரும்பாலும் காலி.

பெண் கலைஞருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1990களின் தொடக்கத்தில் மதுரையில் தங்கி ஸ்பெஷல் நாடகத்தை ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைஸர், மேடையைப் போலவே சாலையையும் கவனித்தார். ஆயிரம் பேர் முன்னால் ஆடும் பெண், அந்த இடத்துக்குப் போகும் வழியில் நடிகை என்று யாருக்கும் தெரியாமல் போக வேண்டியிருக்கிறது. தனி வேன் பேசுவது, உடன் வரும் கலைஞர்களோடு ஒட்டி உட்காருவது, ஊருக்குள் போனதும் நேராக மேடையின் பின்பக்கம் இறங்குவது என்று ஒவ்வொன்றும் யோசித்துச் செய்யும் காரியம். அவருடைய புத்தகம் 2005இல் வந்தது. செல்போனும் நல்ல ரோடும் வந்து இதில் பாதியை எளிதாக்கியிருக்கின்றன. மீதிப் பாதி ஊரின் பார்வையில் இருக்கிறது, அதற்குத் தார் போட முடியாது.

காலை 5 மணி. எங்கோ தர்க்கம் இழுத்துவிட்டது, டான்ஸுக்கு யாரோ இரண்டு முறை அன்பளிப்பு அனுப்பி நேரம் போய்விட்டது. ஆனால் நேர்த்திக்கடன் நாடகத்தில் கல்யாணம் முடியாமல் பொழுது விடியக் கூடாது. இப்போதுதான் அந்தக் கழற்றி மாட்டும் வடிவத்தின் முழு அழகும் தெரியும். முருகன் கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கும் காட்சி, நிதானமான இரவில் முக்கால் மணி ஓடும். இன்று ஐந்தே நிமிடம். ஆர்மோனியக்காரர் நடுவில் இரண்டு பாட்டைத் தாண்டி மூன்றாவதன் ராகத்தைத் தொடுகிறார். வள்ளி கண் இமைக்காமல் அங்கே குதிக்கிறார். முருகன் ஒரே வசனத்தில் விநாயகரை அழைத்து யானையையும் வரவழைத்துவிடுகிறார். கீழே பாயில் படுத்திருப்பவருக்கு எதுவும் விட்டுப்போனதாகத் தெரியாது. மத்தியமாவதியில் மங்களம்.

இந்தச் சுருக்கும் வித்தை இப்போது அடிக்கடி தேவைப்படுகிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மாநில அரசு வருடத்துக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். சட்டம் விலக்கிய நேரமும் ஸ்பெஷல் நாடகத்தின் நேரமும் அச்சு அசலாக ஒன்றே. சில ஊர்கள் 7 மணிக்கே தொடங்கிவிடுகின்றன, சில ஊர்கள் காவல் நிலையத்தில் அனுமதிக்கு அலைகின்றன, சில ஊர்கள் நாடகத்தை விட்டுவிட்டு ஆடல் பாடலுக்குப் போய்விட்டன. எட்டு மணி நேரத்தை ஐந்தாக்கு என்றால் வேறு எந்த நாடகமும் உடைந்துபோகும். வள்ளி திருமணம் உடையாது. பபூன் தன் நேரத்தை விட்டுத்தர மாட்டார், முருகன் பாட்டை ஊர் விடாது, தாலி எப்படியும் ஏறிவிடும். நாரதருக்குத்தான் பேச்சு குறையும்.